ஊசலை ஆடவிடுங்கள்

தோட்டங்கள் அழிவதைப் பற்றி நம் எழுத்தாளர்கள் நிரம்ப எழுதியிருக்கிறார்கள். தோட்டங்களிலிருந்து நாம் எடுத்து வந்த பொருள்கள் நம் கையாலேயே அழிவதைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே.

ஜெராம், புக்கிட் ரோத்தான், 2007 ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்ற பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் முதலில் ரப்பர் சாய்ந்து செம்பனை எழுந்தது. பின்னர்ப் பல இடங்களில் செம்பனையும் சாய்ந்து வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் கையோடு கொண்டு சென்றவை அதிகமில்லை. சாமி படம், குத்துவிளக்கு, அம்மி, நான்கைந்து பித்தளைப் பாத்திரங்கள். இவற்றோடு சில குடும்பங்கள், எட்டு நாளைக்கு ஒருமுறை சாவி கொடுக்க வேண்டிய ஊசல் கடிகாரத்தையும் துணியில் சுற்றிக் காப்பாற்றிக் கொண்டு வந்தன.

இன்று அக்கடிகாரங்களுக்கு நேரும் கதி மூன்று வகைப்படும். பழைய இரும்பு வாங்குவோரின் வண்டியில் ஏறுவது ஒன்று. பழம்பொருள் வணிகரிடம் அற்ப விலைக்குப் போய், மெருகு பூசப்பெற்று, ஏதோ ஓர் உணவகத்தின் சுவரில் அலங்காரமாவது மற்றொன்று. மூன்றாவது இவ்விரண்டினும் கொடியது. உள்ளிருக்கும் பித்தளைப் பொறியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பேட்டரியால் ஓடும் சிறு பிளாஸ்டிக் பெட்டியை அங்கே பொருத்திவிடுகிறார்கள். “தாத்தா கடிகாரம் மறுபடியும் ஓடுகிறது” என்று வீட்டார் மகிழ்கின்றனர். ஓடுவது தாத்தாவின் கடிகாரந்தானா?

பழுதுபட்ட ஊசல் கடிகாரத்தை அதன் சொந்தப் பொறியோடு சீர்செய்து, சுவரில் மாட்டி, ஊசலை ஆடவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சு இது என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. ஓர் உழைப்பாளியின் நாள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது.

காலம் யாருடையது?

காலத்தை அளக்கும் கலையைத் தமிழன் மேனாட்டாரிடம் முதன்முதலாகக் கற்கவில்லை. ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்து, நாழிகை ஒன்றுக்கு இன்றைய கணக்கில் 24 நிமிடமாகக் கொண்டு வாழ்ந்தவர் நம் முன்னோர். பாசறையில் நீர்க் கடிகாரத்தைக் கொண்டு பொழுதளந்து அரசனுக்கு அறிவிப்போர் இருந்ததை முல்லைப்பாட்டு காட்டுகிறது. திருவள்ளுவர் ‘காலமறிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார்.

அத்தகைய மரபில் வந்தவன் கப்பலேறி மலாயாவுக்கு வந்த பிறகு, அவனுடைய காலம் அவனுடையதாக இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு மணி அடிக்கும். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் இரும்பு மோதும் ஓசையே அவனுக்குக் கடிகாரம். அவ்வோசையை எழுப்பச் சொன்ன முள்ளோ அலுவலகச் சுவரில், கிராணியாரின் பார்வைக்கு மட்டுமே எட்டும் இடத்தில் இருந்தது. பெரட்டில் பெயர் விழாதவனுக்கு அன்றைய வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை. மணி சரியாகத்தான் அடித்ததா என்று கேட்க அவனுக்கு வழியுமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவனிடம் இன்னொரு கடிகாரம் இல்லையே!

1941 ஆம் ஆண்டில் ஜெராமுக்குத் தெற்கே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தின் கோரிக்கைகள் கூலி உயர்வோடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரைமாரைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டுமென்ற இழிவு ஒழிய வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். அப்பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. நாளொன்றுக்கு 10 மணி முதல் 12 மணி நேரம் வரை வேலை வாங்கும் வழக்கம் நிற்க வேண்டும் என்பதே அது. அதற்குக் கிடைத்த விடை என்ன? படை வந்தது, துப்பாக்கிகள் வெடித்தன, தொழிலாளர் மாண்டனர், நாதன் நாடுகடத்தப்பட்டார்.

வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்பவன் முதலில் நேரத்தை எண்ணத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். மிச்சம் பிடித்த காசில் ஒரு கடிகாரம் வாங்கித் தன் வீட்டுச் சுவரில் மாட்டிய தொழிலாளி, அலுவலகத்து மணியைச் சரிபார்க்கும் நிலையை எய்தினான். அவனுடைய பிள்ளை மணி பார்க்கக் கற்றது. இதைச் சிறிய செய்தி என்று சொல்பவர், நேரமே தெரியாமல் ஒரு மாதம் பிறர் சொற்படி உழைத்துப் பார்க்கட்டும்.

அடிமைச் சின்னமா?

இங்கே ஒரு சாரார் குறுக்கிடுவர். “தோட்டத்துக் கடிகாரம் வெள்ளைக்காரன் நம்மை விரட்டுவதற்கு வைத்திருந்த சாட்டை. அதைச் சீர்செய்து வைத்துக் கொண்டாடுவது அடிமைப் புத்தி” என்பது இவர்கள் வாதம். இவர்களின் சினம் நியாயமானது, முடிவுதான் தவறானது. சாட்டையை எரித்துவிட்டால் முதுகில் பட்ட அடிக்கு என்ன சான்று? வழக்கில் சாட்சியைத் தொலைத்துவிட்டால் நன்மை அடைபவர் யார் என்று அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இச்சாட்சி சொல்லும் செய்திகளும் பல. மலாயாவின் நேரம் 1905 ஆம் ஆண்டில் கிரீனிச் நேரத்தைவிட 7 மணி முந்தியதாக வகுக்கப்பட்டது. 1933 இல் முள்ளை 20 நிமிடம் முன்னே தள்ளினார்கள். 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடம். 1942 இல் ஜப்பானியர் வந்து தோக்கியோ நேரத்தைத் திணித்தபோது முள் ஒரே தாவலில் ஒன்றரை மணி நேரம் முன்னே பாய்ந்தது. 1945 இல் பழைய இடத்திற்கு மீண்டது. 1982 சனவரி முதல் நாள் மலேசிய நேரம் மறுபடியும் அரை மணி முன்னே சென்று, இன்றைய நிலையை அடைந்தது. 1941 க்கு முன் வாங்கிய ஒரு கடிகாரம் தோட்ட வீட்டில் இருந்திருப்பின், அதன் முள் மூன்று ஆட்சிகளின் கட்டளைக்குத் திருப்பப்பட்டிருக்கும். தோக்கியோ நேரம் காட்டிய அதே நாள்களில்தான் நம்மவர் ஆயிரக்கணக்கில் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

ஆட்சிகள் முள்ளை நகர்த்தின, கதிரவன் நகரவில்லை. ஜெராம் கிடக்கும் தீர்க்கரேகையின்படி அதன் இயற்கை நேரம் கிரீனிச்சைவிட ஏறத்தாழ 6 மணி 45 நிமிடமே முந்தியது. இன்றைய கடிகாரம் 8 மணி முந்தியதாக ஓடுகிறது. அதாவது கடிகாரம் காலை 6 மணி எனும்போது ஜெராமின் கதிரவன் கணக்கில் மணி நாலே முக்கால்தான். ரப்பர் மரமோ அரசாணைக்குக் கட்டுப்படுவதில்லை. விடியற்காலைக் குளிர்ச்சியில் அதன் பால் தாராளமாக வடியும். வெயில் ஏற ஏறக் குறையும். மரத்தின் நேரம் ஒன்று, துரையின் நேரம் ஒன்று. இவ்விரண்டுக்கும் இடையில் நசுங்கியது தொழிலாளியின் உறக்கம். இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்த, சுவரில் ஓடும் ஒரு பழைய கடிகாரத்தைவிடச் சிறந்த கருவி ஏது?

பெஸ்தாரி ஜெயா அருகிலுள்ள தென்னமராம் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1917 இல் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கே தோற்றுவித்தார் என்று செம்பனை வரலாறுகள் எல்லாம் கூறுகின்றன. தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது. கன்றுகளை நட்ட கைகளின் பெயர்களையோ அவ்வரலாறுகள் கூறுவதில்லை. எழுதி வைக்கப்படாத மக்களுக்கு அவர்கள் விட்டுச்சென்ற பொருள்களே ஏடுகள். அந்த ஏடுகளைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் நமக்கு வரலாறு இல்லையென்று மேடையில் கண்ணீர் வடிப்பது யாரை ஏமாற்ற?

பொம்மை ஊசல்

அடுத்து, பேட்டரியை மாட்டுவோரிடம் வருவோம். “நேரம் சரியாகக் காட்டினால் போதாதா?” என்பது இவர்கள் கேள்வி. நேரம் மட்டுமே வேண்டுமாயின் கைப்பேசி போதும். தாத்தாவின் கடிகாரத்தைக் குடைய வேண்டியதில்லை.

பேட்டரிக் கடிகாரத்தில் நேரத்தை வகுப்பது நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். அதன் கீழே அழகுக்காக ஓர் ஊசலைத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த ஊசல் ஆடினாலும் நேரம் ஓடும். கழற்றி வைத்தாலும் ஓடும். அதற்கும் காலத்திற்கும் எவ்வித உறவும் இல்லை. உண்மையான ஊசல் கடிகாரத்திலோ ஊசலே நீதிபதி. முறுக்கிய சுருள்வில் பற்சக்கரங்களைச் சுழலத் தூண்டும். நங்கூர வடிவான ஒரு கவ்வி அவற்றைத் தடுத்து நிறுத்தும். ஊசலின் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் ஒரு பல் மட்டும் விடுபடும். நாம் கேட்கும் ‘டிக் டாக்’ ஓசை, ஆற்றல் ஒழுங்குக்குக் கட்டுப்படும் ஓசையாகும்.

இதனை 1656 இல் உருவாக்கியவர் டச்சு அறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ். அதன்பின் நிகழ்ந்த ஒன்று ஜெராம் மாணவர்களுக்கு மிகவும் நெருக்கமானது. 1672 இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலார் தென்னமெரிக்காவில் நிலநடுக்கோட்டை ஒட்டிய கயேனுக்குச் சென்றார். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. ஊசலைச் சற்றுக் குறுக்கிய பின்னரே நேரம் சரியாயிற்று. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் புவியின் ஈர்ப்பு சற்றே குறைகிறது என்பதும், பூமி முழு உருண்டையன்று, நடுவில் சிறிது புடைத்தது என்பதும் இதனால் உறுதிப்பட வழி பிறந்தது. தமிழகத்திலும் இவ்வாய்வு நிகழ்ந்தது. சென்னை வானாய்வகத்தில் கோல்டிங்காம் 1821 இல் ஊசலின் நீளத்தை அளந்தார்.

கயேன் 5 பாகை வடக்கில் உள்ளது. ஜெராம் 3 பாகை வடக்கில் உள்ளது. ஆகவே ஐரோப்பாவில் திருத்தப்பட்டுக் கப்பலேறிய கடிகாரம் ஜெராமிலும் நாளுக்கு இரண்டு நிமிட அளவில் பிந்தவே செய்யும். ஊசற் குண்டின் அடியிலுள்ள திருகாணியைத் திருகி அதனைச் சற்று உயர்த்தியாக வேண்டும். சுவர்க் கடிகாரங்களில் வழக்கமாகக் காணும் கால் மீட்டர் அளவான ஊசலில் ஒரு மில்லிமீட்டர் மாற்றம் நாளொன்றுக்கு மூன்று நிமிட வேறுபாட்டைத் தரும். ஆசிரியர்களே, இயற்பியல், புவியியல், வரலாறு ஆகிய மூன்றையும் ஒரு திருகாணியின் முனையில் வைத்துக் கற்பிக்கக்கூடிய பொருளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பிளாஸ்டிக் பெட்டியை வைத்து எதைக் கற்பிக்கப் போகிறோம்?

மெருகு வேறு, மீட்பு வேறு

பழம்பொருளை மதிப்பதாகச் சொல்லிக்கொண்டே அதனைக் கொல்வோரும் உண்டு. மரப்பெட்டியைத் தேய்த்துப் பழைய பூச்சை உரித்துப் புதிய வார்னிஷ் அடிப்பார்கள். மங்கிய முகப்பில் எண்களைப் புதிதாக எழுதுவார்கள். பித்தளையைப் பொன்போல் துலக்குவார்கள். பொறியினுள்ளே மண்ணெண்ணெயை ஊற்றி, “ஓடுகிறது பாருங்கள்” என்பார்கள். ஓடத்தான் செய்யும், சில மாதங்களுக்கு. கரைந்த அழுக்கு அச்சுத் துளைகளில் தேங்கி, தூசியோடு சேர்ந்து அரம்போல் அராவி, அத்துளைகளை நீள்வட்டமாக்கிவிடும். அதன்பின் பற்கள் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பொருந்தா.

முறையான மீட்பு பொறுமையை வேண்டுவது. முதலில் சுருள்வில்லின் முறுக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். தளர்த்தாமல் தகட்டைப் பிரிப்பவன் தன் விரலையும் பொறியையும் ஒருசேர இழப்பான். பிறகு உறுப்புகளைக் கழற்றி, ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்து, பழைய எண்ணெய்ப் பசையை நீக்க வேண்டும். அச்சு முனைகளை மெருகிட வேண்டும். தேய்ந்து அகன்ற துளைகளுக்குப் பித்தளைப் பூண் இட வேண்டும். ஊசலைத் தாங்கும் மெல்லிய எஃகுப் பட்டை முறிந்திருந்தால் மாற்ற வேண்டும். ஜெராம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் முதலில் துருவேறுவன எஃகு உறுப்புகளே. எண்ணெய் அச்சு முனைகளுக்கு ஒரு துளி. பற்சக்கரத்தின் பற்களுக்கு அறவே கூடாது. இறுதியாகச் சுவரில் மாட்டி, ‘டிக்’ என்பதற்கும் ‘டாக்’ என்பதற்கும் இடைவெளி ஒத்திருக்கிறதா என்று காதால் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். நின்றுபோகும் கடிகாரங்களில் பல, பொறி கெட்டதால் நிற்பவையல்ல. சாய்வாக மாட்டப்பட்டதால் நிற்பவையே.

மரப்பெட்டியில் படிந்த ஊதுவத்திக் கரையையும் முகப்பின் மங்கலையும் விட்டுவிடுங்கள். அவை குறைகள் அல்ல. அக்கடிகாரம் எந்த வீட்டில், எந்தச் சாமி படத்தின் அருகில் வாழ்ந்தது என்பதற்கான அடையாளங்கள். பொறியின் பின்தகட்டையும் கூர்ந்து நோக்குங்கள். பழுதுபார்த்தவர் தம் குறியையும் நாளையும் ஊசிமுனையால் கீறி வைப்பது கடிகாரத் தொழிலில் உலகெங்கும் உள்ள பழக்கம். அக்கீறலைத் தேய்த்து அழிப்பவன் கல்வெட்டைச் சுரண்டுபவனுக்கு ஒப்பாவான்.

நின்ற கடிகாரம் வீட்டுக்கு ஆகாது என்று அஞ்சி எறிவோருக்கும் ஒரு சொல். ஆகாதென்றால் ஓடவையுங்கள். நோயுற்ற பாட்டனாரை வீட்டுக்கு ஆகாதவர் என்று தெருவில் விடுவோமா?

கைகளும் சொற்களும்

“சீர்செய்ய ஆள் எங்கே? செலவு யார் தருவார்?” என்பது கடைசித் தடை. ஆள் அருகி வருவது உண்மையே. சிறு பட்டணங்களில் கண்ணில் குவியாடியைப் பொருத்திக்கொண்டு அமர்ந்திருந்த முதியவர்கள் குறைந்துவருகின்றனர். ஆயின் அத்தொழிலுக்கு வேலை கொடுக்காமல் பேட்டரி வாங்கியவர்கள் நாம். தொழிலாளி இல்லையென்று குறை கூறுபவர்களும் நாமா? எஞ்சியிருப்போரிடம் இன்றே கடிகாரத்தைக் கொண்டு செல்வதும், அவர்கள் அருகில் ஓர் இளைஞனை அமர்த்துவதுமே இதற்கு மருந்து.

தமிழாசிரியர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. கடிகார உறுப்புகளுக்கு நூல்களில் ஆக்கிய கலைச்சொற்கள் ஒருபுறம் இருக்கட்டும். பழுதுபார்ப்பவர் தம் வாயால் எந்த உறுப்பை என்ன சொல்லி அழைக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். அவருடன் அச்சொற்களும் போய்விடும். ஒரு தொழிலின் சொற்களை இழந்த மொழி, அத்தொழிலைப் பற்றிக் கதைகூட எழுத முடியாத மொழியாகும்.

பெரிய கடிகாரங்களுக்குக் காவலர் உண்டு. கோலாலம்பூர் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டு விக்டோரியா அரசியின் வைரவிழாவை ஒட்டி 1897 இல் ஒலிக்கத் தொடங்கியது. பினாங்கில் அதே அரசியின் ஆட்சியாண்டுகளைக் குறிக்க 60 அடி உயரத்தில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. தெலுக் இந்தானில் 1885 இல் எழுந்த கூண்டு சாய்ந்தபடியே நின்று சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கிறது. அவற்றைப் பேணுவது நன்று. அரசியின் விழாவுக்கு எழுந்த கடிகாரம் நினைவுச் சின்னமென்றால், பால்மரம் வெட்டிய கையால் சாவி கொடுக்கப்பட்ட கடிகாரம் குப்பையா? 2005 ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் கட்டடங்களோடு பொருள்களையும் மரபுடைமையாகக் கருதுகிறது. ஆயினும் எந்தச் சட்டமும் நம் வீட்டுப் பரணில் ஏறி வந்து தேடாது. அது நம் வேலை.

எனவே ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் வட்டாரத்தில் எஞ்சியுள்ள ஊசல் கடிகாரங்களைக் கணக்கெடுக்கட்டும். முகப்பிலுள்ள பெயர் அமெரிக்க நாட்டு அன்சோனியாவா, செருமானிய யுங்கான்சா, ஜப்பானியச் செய்க்கோஷாவா என்று மாணவர் குறிக்கட்டும். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, யார் வாங்கினார், யார் சாவி கொடுத்தார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதட்டும். ஒன்றையேனும் முறையாகச் சீர்செய்து பள்ளிச் சுவரில் மாட்டட்டும். ஒரு மாணவன் வாரந்தோறும் அதற்குச் சாவி கொடுக்கட்டும். பிந்தினால் ஏன் பிந்துகிறது என்று அவனே கண்டுபிடித்துத் திருகாணியைத் திருகட்டும்.

பிறர் அடித்த மணிக்கு ஓடிய மக்களின் பேரப்பிள்ளை, தன் கையால் சாவி கொடுத்து, தானே திருத்திய நேரத்தைப் பார்த்து வகுப்புக்குச் செல்லும் நாள் வரட்டும். பரணைத் திறந்து பாருங்கள், தோழர்களே. காலந்தாழ்த்த வேண்டா, சாவி அக்கடிகாரப் பெட்டிக்குள்ளேயே இருக்கக்கூடும்.